வரிக்கு வரி என் பெயர்

அந்தக் குத்துப்போணியை இன்னும் கொஞ்சம் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளுங்கள் தம்பி. கெட்டிப் பித்தளைப் பாத்திரம், நசுங்காது. ஓசூரில் என் மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பேத்திக்கு நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள். நீங்கள் தர்மபுரியா? அப்படியென்றால் எனக்கு முன்னால் இறங்கிவிடுவீர்கள். ஆனால் இப்போதைக்கு யாரும் எங்கேயும் இறங்கப்போவதில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அவ்வளவுதான். கண்டக்டர் சொன்னதைக் கேட்டீர்களா? கிரேன் சேலத்திலிருந்து வரவேண்டுமாம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது.

எனக்கு இது பழகிப்போனதுதான். வருஷக்கணக்காக நான் இப்படித்தான் நிற்கிறேன். பஸ்ஸில் இல்லை. அதை ஏன் கேட்கிறீர்கள்.

கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன். போனை எடுக்காதீர்கள், இங்கே சிக்னல் கிடையாது, நான் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஊர் சங்கரன்கோவில். பால்வண்ணன் வாடகைப் பாத்திரக் கடை என்று கேட்டால் ரதவீதியில் யாரும் காட்டுவார்கள். பந்தல், நாற்காலி, மேஜை, அண்டா, இட்லிக் கொப்பரை, ஜமுக்காளம் எல்லாம் வாடகைக்கு. பால்வண்ணன் நான்தான். படிப்பு எட்டாவது. எட்டாவது முடித்தேன் என்றும் சொல்ல முடியாது. உள்ளே போனேன், வெளியே வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு தலைவலி உண்டு. எந்தச் சாமான் எந்த மண்டபத்தில் கிடக்கிறது, என்றைக்குத் திரும்பும், அதற்குள் அதை வேறு யாருக்கும் சொல்லிவிட்டோமா என்பதுதான் அது. முகூர்த்த நாளில் இதில் ஒரு தப்பு வந்தால் பெண் வீட்டார் வந்து கடை வாசலில் நிற்பார்கள். அந்தத் தலைவலிக்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறது. பெயர் 'பந்தல்'. நாகர்கோவில்காரப் பெண் ஒருத்தி எழுதியது. சுகிர்தா. அவள் அப்பாவும் வாடகைக் கடைக்காரர்தான். அவருக்காக எழுதினாள், பிறகு எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்துவிட்டாள். காசு கிடையாது. யாரும் எடுத்து ஓட்டலாம். உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கலாம். குறை தெரிந்தால் திருத்தி எழுதி அனுப்பலாம். அவள் ஒத்துக்கொண்டால் அது எல்லாக் கடைக்கும் சேர்ந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். நானே சொல்கிறேன், நல்ல ஏற்பாடுதான். அந்த 'அவள் ஒத்துக்கொண்டால்' என்கிற இடத்தில்தான் வினை.

ஆடி மாசம் எங்கள் கடைப்பக்கம் ஒருவனும் எட்டிப்பார்க்க மாட்டான். கல்யாணம் ஏது? ஒரு ஆடியில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. வீடியோ போட்டுப் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள், "கடையில சும்மா இருந்தா ஈ ஓட்டுங்க, ஏன் அதைப் போய்க் குடையுதீங்க" என்றாள். நான் விடவில்லை. ஒரு ஆடி போய், ஒரு மார்கழி போய், அடுத்த ஆடியில் நானாக ஒரு திருத்தம் எழுதிவிட்டேன்.

என்ன திருத்தம் தெரியுமா? மூடி. அந்தப் புரோகிராமில் அண்டாவும் மூடியும் ஒரே சாமான். அண்டா வந்தால் மூடியும் வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். மூடி எங்கே வருகிறது? மூடியை மண்டபத்துச் சமையல்காரன் அப்பளம் வைக்க எடுத்திருப்பான். அதனால் மூடியைத் தனியாகப் பிரித்து எழுதினேன். என் கடையில் ஓட்டிப் பார்த்தேன். கச்சிதமாக ஓடியது. சுகிர்தாவுக்கு அனுப்பினேன்.

மறுநாளே பதில். நான் இன்னும் வைத்திருக்கிறேன். 'அண்ணாச்சி, மூடி யோசனை பிரமாதம். எங்கப்பா கேட்டுட்டு கைதட்டினாங்க. சில சின்னத் திருத்தம் மட்டும் செஞ்சு அனுப்புங்க. எழுதும் முறை என்ற கோப்பை ஒருதரம் படிச்சிருங்க.'

அது என்ன எழுதும் முறை என்று திறந்தால் சட்டதிட்டம். வரியை உள்ளே தள்ளி ஆரம்பிக்கும்போது டேப் பட்டனைத் தட்டக்கூடாது, நான்கு ஸ்பேஸ் விட வேண்டும். ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது. வரிக் கடைசியில் ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கோப்பு முடியும்போது அடுத்த வரிக்கு இறங்கித்தான் முடிக்க வேண்டும். ஒரு திருத்தத்தில் ஒரு வேலைதான் செய்ய வேண்டும். இப்படிப் போகிறது.

தம்பி, டேப் தட்டினாலும் தள்ளித்தான் நிற்கிறது, ஸ்பேஸ் தட்டினாலும் தள்ளித்தான் நிற்கிறது. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புரோகிராமும் ஓடுகிறது. பிறகு என்ன? நான் கேட்டேன். அதற்கு அவள், "உங்க கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும் அண்ணாச்சி, இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல கோணமாணலா நிக்கும். பத்து ஊர்க்காரங்க எழுதுறோம். ஒரே கை எழுதினமாதிரி இருந்தாத்தான் அடுத்தவங்களுக்குப் படிக்க வரும்" என்றாள்.

ஒரே கை. அந்தக் கை யாருடையது? அவளுடையது.

திருத்தி அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. கடைசியில் மச்சானில் வந்து நின்றது.

மச்சான் என்றால், திரும்பி வராத சாமானுக்கு நான் அந்தப் புரோகிராமுக்குள் வைத்த பெயர். எண்ணிக்கைக்கு ஏதாவது ஒரு பெயர் வைத்தாக வேண்டும் இல்லையா? என் மச்சினன் வேலாண்டி வீட்டு விசேஷத்துக்குப் போன எந்தச் சாமான் இதுவரை ஒழுங்காக வந்திருக்கிறது? அதனால் மச்சான் என்று வைத்தேன். சுகிர்தா போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள், எனக்குத் தெரியாதா?

"அண்ணாச்சி, இந்த மச்சான் யாரு?"

"திரும்பி வராத சாமான்."

"அதை அப்படியே 'திரும்பாத_சாமான்'னு வைக்கலாமே அண்ணாச்சி. பேரைப் பாத்ததும் விஷயம் தெரியணும்லா?"

"வாடகைக் கடை நடத்துகிற எவனுக்கும் மச்சான் என்றாலே தெரியும் தாயி."

"எனக்கு ரெண்டு மச்சான் இருக்காங்க, ரெண்டு பேரும் ஒழுங்காத் திருப்பித் தந்துருவாங்க" என்றாள்.

மாற்றினேன். வேறு என்ன செய்ய? மாற்றிக் கொடுத்ததும் சேர்த்துக்கொண்டாள். வாழ்த்தும் போட்டாள். எல்லாரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். ஆனால் மனதில் பட்டது பட்டதுதான். என் கடைக்கு வந்து என் அண்டாவைத் தட்டிப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது, கைப்பிடி மட்டும் கொஞ்சம் வடக்கே பார்க்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் எதையும் மறப்பவன் இல்லை. வேலாண்டி கொண்டுபோன ஜமுக்காளம் இன்னும் எனக்கு நிறத்தோடு ஞாபகம் இருக்கிறது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். காற்றே இல்லை. திறக்காதா? என் பக்கம்தான் நடைபாதை, உங்களுக்குத்தான் கஷ்டம். நான் எழுந்தால்தான் நீங்கள் வெளியே போக முடியும். இருங்கள், எங்கே போகப்போகிறீர்கள்?

அதற்குப் பிறகும் நான் எழுதி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். கோபம் இருக்கிறவன்தான் விடாமல் வேலை செய்வான். ஒருநாள் அவள் கூப்பிட்டாள். மாசமாக இருக்கிறாளாம். கொஞ்ச காலம் இதைப் பார்க்க முடியாதாம். "சாவியை உங்ககிட்டத் தாரேன் அண்ணாச்சி. வேற யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாள். சாவி என்றால், யாராவது திருத்தம் அனுப்பினால் ஒத்துக்கொண்டு சேர்க்கிற அதிகாரம். வாங்கிக்கொண்டேன்.

சாவி கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவள் எழுதிய பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றுவிடாமல். பார்த்தால், டேப்! அவளுடைய வரிகளிலேயே டேப். எண்பது எழுத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடுகிற வரிகள். வரிக் கடைசியில் ஸ்பேஸ். சட்டம் எழுதுவதற்கு முன்னால் எழுதிய வரிகளாம், யார் கேட்டார்கள்? என் மூடியை எத்தனை தரம் திருப்பி அனுப்பியிருப்பாள்!

நேராக்குவதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. சட்டதிட்டத்தைக் காட்டிவிட்டால் போதும், அதுவே எல்லா வரியையும் இழுத்து ஒழுங்குசெய்துவிடும். ஓடவிட்டேன். மொத்தப் புரோகிராமையும், முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்பு வரைக்கும். ஒரே திருத்தமாகச் சேர்த்தேன். குறிப்பில், 'எழுதும் முறைப்படி எல்லாம் சரிசெய்யப்பட்டது' என்று போட்டேன். அவள் சட்டம், அவள் கோப்பு. வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு ராஜபாளையம் வரைக்கும் போய் நல்ல ஓட்டலில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பதிவாகிவிடும். ஒரு கட்டளை போட்டால் வரிக்குப் பக்கத்தில் பெயரைக் காட்டும். அந்தக் கட்டளைக்குப் பெயரே பிளேம். குற்றம் சொல்வது என்று அர்த்தமாம். எவனோ அனுபவப்பட்டவன்தான் வைத்திருக்க வேண்டும்.

புரிகிறதா? ஒரு ஸ்பேஸ் தள்ளினாலும் தொட்டவன் நான். மொத்தப் புரோகிராமிலும் வரிக்கு வரி பால்வண்ணன், பால்வண்ணன், பால்வண்ணன். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது தை மாசம்.

தை மாசம் காரைக்குடியிலிருந்து சாத்தப்பன் கூப்பிட்டார். அவரும் வாடகைக் கடைக்காரர்தான். அதற்கு முன் பேசியதில்லை.

"அண்ணே, பால்வண்ணன் அண்ணனா? ஒரே நாற்காலிய ரெண்டு மண்டபத்துக்குக் காட்டுதுண்ணே. பொண்ணு வீட்டுக்காரங்க கடையில நிக்கிறாங்க."

"அதுக்கு நான் என்னய்யா செய்ய? எழுதுனது சுகிர்தா."

"இல்லண்ணே, அந்த வரியில உங்க பேருதான் இருக்கு. பாத்துட்டுத்தான் கூப்பிடுறேன்."

"நான் ஸ்பேஸ் மட்டும்தான்யா தள்ளுனேன்."

"அண்டாவுல உங்க பேரு வெட்டியிருக்கு. ஓட்டை விழுந்தா உங்ககிட்டதானேண்ணே கொண்டாருவாங்க?"

எங்கள் தொழிலில் பாத்திரத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பெயரே வெட்டுகிறோம். சாத்தப்பன் பேசியது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

உட்கார்ந்து தேடினேன். மாசக் கடைசியில் வெளியே போன சாமான் அன்றைக்கே திரும்பிவிட்டதாக அது கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. அவளுடைய தப்புதான், பழைய தப்பு. நான் என் சொந்த நாற்காலிகளை ஒரு வேனில் ஏற்றிக் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டு, அந்த வரியைச் சரிசெய்தேன். சாத்தப்பன் போனிலேயே அழுதுவிட்டார். பிறகு அவர் மகள் கல்யாணத்துக்குப் போனபோது என்னை முதல் வரிசையில் மாப்பிள்ளையின் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதை விடுங்கள், அதற்காகச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது. பட்டுக்கோட்டை, ஈரோடு, தென்காசி, மன்னார்குடி. 'அண்ணாச்சி, ஜமுக்காளம் காட்ட மாட்டேங்குது.' 'அண்ணாச்சி, வைகாசியில ஒரு நாளையே காணோம்.' எந்த வரியைப் பார்த்தாலும் என் பெயர். எழுதியவர்கள் எல்லாம் நிம்மதியாக இருந்தார்கள், நான் மாட்டிக்கொண்டேன். ஒரு வரியும் விடாமல் படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் புரோகிராமில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். யார் எது அனுப்பினாலும் நான் பார்க்காமல் சேராது. வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் திருப்பிவிடுவேன். அவளைப் போல யோசனை பிரமாதம் என்றெல்லாம் இனிக்க இனிக்கப் பேச மாட்டேன். 'முறை பார்க்கவும்' என்று இரண்டே வார்த்தை போடுவேன். என் பெயரில் நிற்கிற வீடு இல்லையா?

ஜெயில் தம்பி. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜெயில்.

என் மகள் செண்பகவல்லிக்கு எங்கள் ஊரில்தான் வளைகாப்பு நடந்தது. என் பந்தல், என் நாற்காலி, என் பாத்திரம். நான் மட்டும் பந்தலில் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் அரிசி மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மன்னார்குடிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வந்தால் பந்தி நடக்கிறது. பிள்ளை இரண்டு கை நிறைய வளையலோடு வந்து நின்றாள்.

"போட்டோ ஒண்ணுலகூட நீங்க இல்லையேப்பா."

"மன்னார்குடியில இன்னொரு பிள்ளைக்குக் கல்யாணம்மா. பந்தல் போகலேன்னா என்ன ஆகும்?"

அவள் பந்திப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். பேச்சியம்மாள்தான் சொன்னாள், "அந்தப் பிள்ளைக்கு அப்பன் கிடையாதோ?" என்று. எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள். நான் விளையாடப் போனேனா? அன்றையிலிருந்து இரண்டு பேரும் என்னிடம் ஒரு மாதிரியாகத்தான் பேசுகிறார்கள். மகள் பேறுகாலத்துக்கு ஓசூர் போன பேச்சியம்மாள் அங்கேயே இருந்துவிட்டாள். பேத்தியை நான் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் நடுவில் ஈரோட்டுக்காரர் கூப்பிட்டுவிடுவார், பிள்ளை முகம் அப்படியே நின்றுவிடும்.

சுகிர்தாவா? வந்தாள், வராமல் என்ன. குழந்தை தவழ ஆரம்பித்ததும் வந்தாள். நான் செய்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, எழுதும் முறையில கடைசிச் சட்டம் படிக்கலியா?"

"எது?"

"'வேற காரணத்துக்காகத் தொடாத வரியை அழகுபடுத்தாதீங்க'ன்னு போட்டிருந்தேனே. இதுக்குத்தான் போட்டேன்."

படித்திருந்தேன். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சட்டம் என்று நினைத்தேன். காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் நான் ஏன் செய்யப்போகிறேன்? அவள் மேல்தான் தப்பு.

"இனி பழையபடி ஆக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு மேல எல்லாரும் நிறைய எழுதியாச்சு அண்ணாச்சி. ஆனா வேற வழி இருக்கு" என்றாள்.

இதுதான் அந்த வழி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஒரு சின்னக் கோப்பில் அந்த எண்ணை எழுதி வைத்து, இதைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்துவிட்டால், பிளேம் கட்டளை நான் தள்ளிய ஸ்பேஸை எல்லாம் தாண்டிப் போய், முதலில் எழுதியவர் பெயரைக் காட்டும். நாற்காலி வரி சுகிர்தா பெயருக்குப் போய்விடும். ஜமுக்காளம் ஈரோட்டுக்காரருக்கு. மூடி மட்டும் எனக்கு. நானாகச் சரிசெய்த சில வரிகளும் நிற்கும். மற்றதெல்லாம் போய்விடும். போன் வராது.

நல்லதுதானே என்கிறீர்கள். நானும் நல்லது என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் இரண்டு பேர், அவளும் நானும். ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் இல்லாத சமயத்தில் நான் கொண்டுவந்த சட்டம் அது. அவளே எழுதி அவளே சேர்த்துக்கொள்ள முடியாது. எழுதி எனக்கு அனுப்பினாள். பார்த்தேன். கோப்பு முடிகிற இடத்தில் அடுத்த வரிக்கு இறங்கவில்லை. அவள் எழுதிய சட்டம்! திருப்பினேன். 'முறை பார்க்கவும்.'

திருத்தி அனுப்பினாள். இந்த எண் எதற்கு என்று ஒரு விளக்கம் வேண்டாமா? பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? திருப்பினேன். விளக்கம் எழுதி அனுப்பினாள். எண்பது எழுத்தைத் தாண்டியிருந்தது. திருப்பினேன். சுருக்கி அனுப்பினாள், 'வெறும் அழகுபடுத்தல்' என்று. வெறும்? அந்த வெறும் அழகுபடுத்தலுக்காக நான் பட்ட பாடு என்ன? திருப்பினேன். வார்த்தையை எடுத்துவிட்டு அனுப்பினாள். வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நான் பிடித்துவிட்டேன். இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. என் மேல் என்ன தப்பு? ஒழுங்காக எழுதி அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் சேர்த்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

இதில் இன்னொரு கதை நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் சுகிர்தாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். "அவரை விட்டுரு தாயி" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இவள், "நான் விட்டு ரொம்ப நாளாச்சு மதினி" என்றாளாம். எப்படி வாய்! அண்ணாச்சி பெண்டாட்டி மதினியாம். உறவுமுறை வேறு வந்துவிட்டது இரண்டு பேருக்கும். சேர்ந்துகொண்டு என்னை அழிக்கப் பார்க்கிறார்கள். ஆமாம், அழிப்பதுதான். பெயரை எடுத்தால் பிறகு என்ன மிச்சம்? சங்கரன்கோவில் ரதவீதியில் பாத்திரம் கழுவி வைக்கிற பால்வண்ணனை மன்னார்குடியில் யாருக்குத் தெரியும்? அண்ணாச்சி, அண்ணாச்சி என்று யார் கூப்பிடுவார்கள்?

அது போகட்டும். நான் சொல்ல வந்தது ஜெயிலைப் பற்றி.

நேற்றுப் பேச்சியம்மாள் போனில் சொன்னாள். "இந்தா பாருங்க, வாறதா இருந்தா அதை முடிச்சுட்டு வாங்க. அந்தப் பிள்ளை காதுல மூணுதரம் பேரு சொல்லும்போது நீங்க போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கதை என்னால பாக்க முடியாது. முடிக்கலேன்னா தர்மபுரியில இறங்கி அப்படியே திரும்பிருங்க. முடிச்சாச்சா இல்லையான்னு நான் சுகிர்தாகிட்டக் கேட்டுக்கிடுவேன்" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள் பேசுகிற பேச்சா இது? செண்பகவல்லி நடுவில் போனை வாங்கி, "வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இந்தக் குத்துப்போணியிலும் பேச்சியம்மாள் குறை கண்டுபிடிப்பாள் பாருங்கள். பேத்தி பெயரை வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள். பெயரே நாளைக்குத்தானே வைக்கிறார்கள், இன்றைக்கு எப்படி வெட்டுவது? என்ன பெயர் என்று முன்கூட்டியே சொன்னார்கள்தான். சொன்னாலும் வைத்த பிறகுதானே அது பெயர்? அதனால் பால்வண்ணன் என்று வெட்டிவிட்டேன். குனிந்து பாருங்கள், விளிம்புக்குக் கீழே. எழுத்து எப்படி நிற்கிறது? ஒரே அளவு இடைவெளி. நான் பக்கத்தில் நின்று பார்த்து வெட்டியது.

என்ன, நகர்கிறதா? ஆமாம், நகர்கிறது. கிரேன் வந்துவிட்டது போல. அதோ, லாரியை ஓரம் கட்டிவிட்டார்கள். பாவம், தக்காளி. ரோடெல்லாம் சிவப்பு. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், தர்மபுரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உட்காருங்கள்.

சேலத்தில் பஸ் நின்றபோதுகூட ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வார்த்தைக்கு நடுவில் இரண்டு ஸ்பேஸ். சுகிர்தாவுக்குச் சலிக்கவே இல்லையா தெரியவில்லை. கோபமாக ஒரு வார்த்தை வராது. 'சரி அண்ணாச்சி, இப்பப் பாருங்க' என்று மட்டும் வரும். ஒருதரம் கோபித்துக்கொண்டு திட்டினால் நானும் திட்டிவிட்டு முடித்துவிடுவேன். அதற்கும் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

சிக்னல் வந்துவிட்டது. கேட்டீர்களா சத்தத்தை? அவள்தான். இருங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

'சரி அண்ணாச்சி, இப்பப் பாருங்க. பேத்திக்கு என் முத்தம்.'

ம்.

விளக்கம் என்ன எழுதியிருக்கிறாள் பார்ப்போம். 'பால்வண்ணன் அண்ணாச்சி வீடு முழுக்கப் பெருக்கிய நாள் இது. அதைத் தாண்டிப் பார்க்கவும்.' இரண்டு வரியாக மடித்திருக்கிறாள். எண்பது எழுத்துக்குள் இருக்கிறது. முற்றுப்புள்ளி இருக்கிறது. கீழே எண். எண் சரிதான், அந்த எண் எனக்கு மனப்பாடம்.

பெயரைப் போட்டுவிட்டாளே. அண்ணாச்சி என்றே போட்டுவிட்டாள். நான் போடச் சொல்லவில்லை.

கீழே பச்சைப் பட்டன் தெரிகிறதா? அதை அழுத்தினால் தீர்ந்தது. அழுத்த எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் அவசரத்தில் எதையும் செய்யக்கூடாது. பஸ் ஆடுகிறது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உங்களுக்கு இளங்கண், இந்தாருங்கள், நீங்கள் பாருங்கள். தப்பு இருக்கும். எங்கேயாவது இருக்கும். கோப்பு முடிகிற இடத்தில் அடுத்த வரிக்கு இறங்கியிருக்கிறாளா? இருக்கிறதா? சரி. நடுவில் இரண்டு ஸ்பேஸ்? இல்லையா? வரிக் கடைசியில் பாருங்கள். அது சும்மா பார்த்தால் தெரியாது தம்பி, விரலை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். எழுத்து முடிந்த பிறகும் நிழல் போல ஒரு இடம் நீலமாக வரும். வருகிறதா?

இன்னும் கொஞ்சம் இழுங்கள்.

தர்மபுரியா? கண்டக்டர் அப்படித்தான் கத்துவார், நிறுத்த இன்னும் நேரமாகும். நான் காலை மடக்கினால்தானே நீங்கள் போக முடியும், மடக்குகிறேன், மடக்குகிறேன். ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது வரியின் கடைசியில். நன்றாகப் பாருங்கள் தம்பி. ஒன்றுமே இல்லையா?